மழை வேண்டாத ஜீப்பில் ஒரு கடைமடைக்காரி

மே மாதக் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை.

புலி பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. "குறுவைக்கு விதை எடுத்து வச்சிட்டு ஒருத்தி புலி பாக்கக் கெளம்புவாளா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் அதே கேள்வி இருந்தது. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறி, மன்னார்குடி வழியாக அறுபத்தைந்து கிலோமீட்டர் தஞ்சாவூருக்கு வந்து சேரும் வரை பதில் கிடைக்கவில்லை.

என் தம்பி செந்தில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். கேமரா பைத்தியம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு காட்டுக்குப் போய்விடுவான். இந்த முறை அவளுக்கு முதுகுவலி, திறந்த ஜீப்பில் குலுங்க முடியாது. கட்டிய பணம் திரும்பாது என்பதால் அந்த இடம் எனக்கு வந்தது. நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். என்னைக் கிளப்பிவிட்டவர் என் வீட்டுக்காரர்.

"எங்க போறான்னு பாரு. கபினி. அங்க மேக்கால மழ ஆரம்பிச்சிடுச்சான்னு பாத்துட்டு வா" என்றார்.

கடைமடை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லார் வயலையும் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால், கடைசியாக வந்து சேரும் இடம் அது. எங்கள் நிலம் அங்கேதான் இருக்கிறது. போர் போட்டால் உப்புத் தண்ணீர். நாற்றங்காலுக்கு மட்டும் குட்டையில் கிடப்பது போதும். நடவுக்கு ஆறு வந்தாக வேண்டும். வராவிட்டால் நாற்று முற்றிப்போய் மாட்டுக்குத்தான் ஆகும். ஒரு வருடம் அப்படி ஆகி, பசுமாடு எங்கள் குறுவையை மென்று தின்றதை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. வயநாட்டில் மழை பிடித்தால் முதலில் நிரம்புவது கர்நாடகத்துக் கபினி அணை. கபினி நிரம்பினால்தான் மேட்டூருக்கு உயிர் வரும். விதையை ஊறப்போடுவதா, கட்டிய மூட்டையை அப்படியே வைப்பதா? இந்த வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். பை நிறையத் துணியும் வயிறு நிறைய இந்தக் கவலையுமாக நான் புலி பார்க்கப் புறப்பட்டேன்.

தஞ்சாவூரில் மைசூர் ரயில் ஏறி உட்கார்ந்ததும் செந்தில் முதலில் ஒரு சட்டம் போட்டான்.

"அக்கா, அங்க போயி காவிரின்னு வாயத் தொறக்காத. எந்த ஊருன்னு கேட்டா சிங்கப்பூர்னு நான் சொல்லிக்கிறேன். நீ சும்மா சிரி."

"ஏன்டா, கேட்டா அடிச்சிடுவாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. ஆனா நீ ஆரம்பிச்சா நிறுத்த மாட்ட."

அதுவும் உண்மைதான். பிறகு கேமராவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே அவன் ஆசையைச் சொன்னான். மூன்று காடுகளுக்குப் போயிருக்கிறான். ஒன்றில் புலியின் வால் கிடைத்தது. ஒன்றில் முதுகு. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. இந்தத் தடவை முகம் வேண்டும். அதுவும் கிட்டத்தில், கண்ணுக்குள் ஜீப் தெரிகிற அளவுக்கு. அதற்காகவே லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தான். எங்கள் வீட்டு உலக்கையில் பாதி நீளம் இருக்கும். கப்பலின் அடிவயிற்றில், வெல்டிங் புகையில், வருடம் முழுக்க இந்த ஒரு படத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றான். அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை. எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது.

புதன்கிழமை.

காலையில் மைசூர். ஸ்டேஷனுக்கு வெளியே டீ பதினைந்து ரூபாய்; சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை. அங்கிருந்து வாடகைக் காரில் ஹெச்.டி.கோட்டே தாண்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வழியெல்லாம் செம்மண். பருத்தி முழங்கால் உயரம்கூட இல்லை. ராகிக்கு உழுதுபோட்ட நிலம் காய்ந்து கிடந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணி விரித்த மாதிரி இருந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. செந்திலும் வானத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "சூப்பர் வெயில்" என்றான்.

தங்கும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு சஃபாரி ஜீப்பில் ஏறினோம். வாசலிலேயே செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டிரைவர் பெயர் மாதேவா. திருப்பூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவராம், தமிழ் பேசினார். எங்கள் பின்சீட்டில் ஒரு பெங்களூர்த் தம்பதி. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். அந்த மனிதரிடமும் உலக்கை ஒன்று இருந்தது.

"கை, தலை எதுவும் வெளிய நீட்டக்கூடாது. சத்தம் போடக்கூடாது. எழுந்து நிக்கக்கூடாது" என்று மாதேவா ஒப்பித்தார். நான் சேலைத் தலைப்பைக்கூட இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில் மரங்கள் விலகி, அணையின் நீர்ப்பரப்பு தெரிந்தது. நீர்ப்பரப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் வெடித்த சேறும். நடுவில் எங்கேயோ தண்ணீர். அணை கட்டியபோது மூழ்கிப்போன மரங்கள் பட்டுப்போய்க் கருப்பாக நின்றன. ஒவ்வொன்றிலும் என் தலைக்கு மேலே, தண்ணீர் ஒருகாலத்தில் நின்ற கறை.

மாதேவா வண்டியை நிறுத்தி, பெருமையோடு கையை விரித்துக் காட்டினார்.

"பாருங்க, தண்ணி நல்லா எறங்கிடுச்சு! இப்பத்தான் சீசன். காட்டுக்குள்ள குட்டை எல்லாம் காய்ஞ்சிருக்கு. புலி குடிக்கணும்னா இங்கதான் வரணும். மழை விழுந்துச்சு, அவ்வளவுதான். உள்ளயே தண்ணி கிடைக்கும். அப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாது."

நல்லா இறங்கிடுச்சு. அந்த 'நல்லா'வைக் கேட்டதும் மரத்திலிருந்த கறையை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தேன்.

"இந்தக் கறை எந்த மாசம் முழுகும்? போன வருஷம் இதே நாளு எங்க இருந்துச்சு? மேக்க மழ எப்ப ஆரம்பிக்கும்?" நான் அடுக்கிக்கொண்டே போனேன். செந்தில் என் காலை மிதித்தான். மாதேவா கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா அணை ஆபீசா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சும்மா சிரித்தேன்.

அன்று யானைகள் வந்தன, கூட்டம் கூட்டமாக. மான்கள், காட்டுப்பன்றி, ஒரு மயில். புலி வரவில்லை. அறைக்குத் திரும்பி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"மேகம் இருக்கா?"

"ஒண்ணும் இல்லங்க. தண்ணி ரொம்ப அடியில கெடக்கு."

"சரி, சாப்புடு" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை.

ஆறரை மணிக்குக் காட்டுக்குள். நீரோரத்து ஈர மண்ணில் புலியின் காலடி. புதுசு என்றார் மாதேவா. எங்கோ ஒரு கடமான் குரைக்கிற மாதிரி கத்தியது. புலியைப் பார்த்தால்தான் அது அப்படிக் கத்துமாம். வண்டி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. செந்தில் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவே இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. போய்ச் சேர்ந்தபோது எதிரே வந்த ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினார்கள். இப்போதுதான் சாலையைக் கடந்து உள்ளே போயிற்றாம். புலி வருது புலி வருது என்று ஒரு கதை உண்டே, எங்களுக்கு அது புலி போச்சு புலி போச்சு என்று ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் பெங்களூர்க்காரர் மேற்கே கையைக் காட்டினார். மலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

"நேத்து ராத்திரி போன்ல பாத்தேன் சார், மழைன்னு போட்டிருக்கான். கடவுளே, இன்னைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் தாங்கிடணும்."

"தாங்கும் சார், தாங்கும்" என்றார் மாதேவா. "மழை வந்தா எங்களுக்கும் வண்டி ஓடாது." செந்தில் கண்ணை மூடி உதட்டை அசைத்தான். அவனும் கும்பிடுகிறான் என்று தெரிந்தது.

அந்த ஜீப்பில் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் எங்கள் ஊர் மாரியம்மனை நினைத்து, 'இப்பவே கொட்டு தாயே' என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்ததும் பக்கத்தில் தம்பியின் முகம். வருடம் முழுக்க இந்த ஒரு படத்துக்காக ஓவர்டைம் பார்த்தவன். அவன் இலையில் நானே மண்ணைப் போடுகிறேனே என்று இருந்தது. வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். வெடித்த சேறு கண்ணில் பட்டது. வாங்கிக்கொள்ளவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் அவன் ரசத்தோடு எழுந்துவிட்டான்.

"இன்னும் ஒரு ரவுண்டு இருக்குக்கா" என்றான், நான் எதுவும் கேட்காமலேயே.

வியாழக்கிழமை மாலை.

அந்தச் சாம்பல் திட்டு இப்போது வானத்தில் பாதியைப் பிடித்திருந்தது. காற்றே இல்லை. புழுக்கத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டியது. பெங்களூர்க்காரர் மேலே பார்ப்பார், மணியைப் பார்ப்பார். மாதேவா மற்ற ஜீப்புகளை விட்டு விலகி, நீரோரத்துப் பாதையில் உண்ணிச்செடிப் புதர்கள் இரண்டு பக்கமும் நெருக்குகிற ஓர் இடத்தில் எஞ்சினை அணைத்தார்.

காத்திருந்தோம். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று தகவல் வந்த பிறகு மூன்று நாள் மடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இங்கே எதற்காகக் காத்திருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. புலி முந்தினால் தம்பிக்கு லாபம். மழை முந்தினால் எனக்கு.

தலைக்கு மேல் மரத்தில் ஒரு குரங்கு இருமுவதுபோல் கத்தியது. மாதேவாவின் விரல் மட்டும் மெல்ல உயர்ந்தது.

புதர் விலகவே இல்லை. அசைந்ததுகூடத் தெரியவில்லை. பார்த்தால் அங்கே நிற்கிறது. இத்தனை பெரிய தலை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பெண் புலி என்று பிறகு சொன்னார்கள். பாதைக்கு இறங்கி, எங்கள் பக்கமே நடந்து வந்தது, நாம் கடைக்குப் போகிற நடையில். தோள்பட்டை எலும்பு ஒன்று ஏற ஒன்று இறங்கியது. அதன் வாசனை வந்தது. ஈரச் சாக்கும் பழைய மாட்டுத்தொழுவமும் சேர்ந்த வாசனை. என் பக்கம்தான், இரண்டு பாய் நீளம்கூட இல்லை. செந்தில் என் தோளுக்கு மேலாக லென்ஸை நீட்டி, "ரொம்பக் கிட்ட வந்துடுச்சு... ஃபோகஸ் ஆகல... இரு, இரு" என்று மூச்சுக்குள் புலம்பினான்.

அப்போது என் முன்னங்கையில் ஒன்று விழுந்தது. பெரிய சொட்டு. சூடான மண்ணிலிருந்து வாசனை கிளம்பியது. மேற்கிலிருந்து காற்று.

அதற்குப் பிறகு நான் யோசித்துச் செய்ததாக ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் யாராக இருந்தாலும் செய்வதுதான். முதல் சொட்டு விழுந்ததும் வாசலுக்கு ஓடி வந்து, தூறலா மழையா என்று கையை நீட்டிப் பார்ப்போமே, அப்படியே என் வலது கை ஜீப்புக்கு வெளியே போய்விட்டது. உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கை வரைக்கும். வளையல் கம்பியில் இடித்துச் சத்தம் கேட்டது.

புலி நின்றது. கையைப் பார்த்தது. காது இரண்டும் பின்னால் மடங்கின. அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வந்தது. அது என் இருக்கையின் இரும்பில் அதிர்ந்து எனக்குள் ஏறியது. கையை உள்ளே இழுக்க வேண்டும் என்று தெரிகிறது. இழுக்க முடியவில்லை. கை என்னுடையது மாதிரியே இல்லை.

செந்தில் கேமராவைக் கைவிட்டான். உண்மையாகவே விட்டுவிட்டான். அது வாரில் தொங்கி ஜீப்பின் தகட்டில் மோதியது. இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என்னைச் சீட்டுக்கு அடியில் அமுக்கி, மேலே கவிழ்ந்துகொண்டான். அவன் நெஞ்சு அடிப்பது என் முதுகில் கேட்டது. மாதேவா எஞ்சினை உறுமவிட்டார். நான் தலையைத் தூக்கியபோது பாதையில் ஒன்றும் இல்லை. அதற்குள் மழை தடதடவென்று பிடித்துக்கொண்டது.

"அம்மா! கை!" மாதேவா என் பக்கம் திரும்பினார். "ஒரு நிமிஷத்துல என் பொழப்பு போயிருக்கும்மா. உங்க கையும் போயிருக்கும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை என்று நினைவில்லை. பெங்களூர்க்காரருக்கு வால் மட்டும் கிடைத்திருந்தது. அவர் மனைவி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தார்ப்பாய் போட்ட ஜீப்பில் செந்தில், முன் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்தபடியே வந்தான்.

வாசலில் இறங்கியதும் கேட்டுவிட்டேன். "கோவமாடா?"

"ஒரு படம்கூட எடுக்கலக்கா."

"தெரியும்டா."

"மொகத்த நேரா காட்டிச்சு. இப்படி நின்னு." கையால் அளந்து காட்டினான். பிறகு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன் கைய அது புடிச்சிருந்தா மாமாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? மழ பாக்க நீட்டினா, புலி வந்து எடுத்துக்கிச்சுன்னா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மழையில் நனைந்துகொண்டே இருவரும் அங்கேயே நின்றோம்.

வெள்ளிக்கிழமை.

இரவு முழுக்கப் பெய்தது. விடிந்தும் விடவில்லை. நாங்கள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பெங்களூர்க்காரர் குடையோடு வந்தார். அவர் மனைவிக்குக் காய்ச்சல், இன்று காலை சஃபாரிக்கு அவர்கள் போகவில்லை.

"எங்க சீட்ட நீங்க எடுத்துக்குங்க சார். எட்டு மணிக்குள்ள மழை விட்டுடும்னு போட்டிருக்கு. விட்டதும் வெயில் காய அது வெளிய வந்து உக்காரும். நல்ல சான்ஸ்."

செந்தில் கேமராவை எடுத்தான். தகட்டில் மோதிய இடம் நசுங்கியிருந்தாலும் அது வேலை செய்தது. சன்னலுக்குப் போய்க் கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீரை வெகுநேரம் பார்த்தான். போகட்டும் என்றுதான் நினைத்தேன். அவனுக்கு அவ்வளவாவது கிடைக்கட்டும்.

"வேணாம் சார்" என்றான் கடைசியில். "மழ நிக்காது." பிறகு எங்களை அழைத்துப் போக வந்திருந்த கார் டிரைவர், தங்கும் வீட்டின் சொந்தக்காரர், எல்லோரும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "நிக்கவும் வேணாம். எங்க அக்காவுக்கு நடவு இருக்கு, காவிரியில தண்ணி வரணும்."

யாரும் சண்டைக்கு வரவில்லை. "எங்களுக்கும் ராகி போடணும்" என்று கார் டிரைவர் பையை டிக்கியில் வைத்தார்.

புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் பாலம். வரும்போது அதன் கீழே கல்லும் மணலும்தான் கிடந்தன. இப்போது இரண்டு கரையும் முட்டிக்கொண்டு, செக்கச்செவேலென்று தண்ணீர் போனது. இது எங்கே போகிறது என்று கேட்டேன். கபினியில்தான் போய் விழும் என்றார் டிரைவர். செந்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினான். புலிக்காக வாங்கிய லென்ஸில் ஓடை அடங்கவில்லை, வெறும் தண்ணீர்தான் விழுகிறது என்று முனகினான். அப்படியே எடுத்தான். கரை இல்லை, மரம் இல்லை. படம் முழுக்கச் சிவப்புத் தண்ணீர். செல்போனுக்கு மாற்றி அவன் மாமாவுக்கு அனுப்பினான்.

எங்களுக்குத் தெரியாதா, ஓர் ஓடையால் அணை நிரம்பாது. அணை நிரம்பினாலும் அங்கிருந்து மேட்டூர், மேட்டூரிலிருந்து கல்லணை, அதற்குப் பிறகு எத்தனை ஊர், எத்தனை மதகு. எல்லாரும் குடித்த பிறகுதான் நாங்கள். நான் பயந்துகொண்டேதான் இருந்தேன், இதை எழுதுகிற இந்த நேரத்திலும் பயம்தான்.

ஹெச்.டி.கோட்டே வருவதற்குள் போன் வந்தது. செந்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். என் வீட்டுக்காரர் புலியைப் பற்றிக் கேட்கவில்லை.

"இது நேத்திக்கு எடுத்ததா, இன்னிக்கா?"

"இப்பத்தான் மாமா, அஞ்சு நிமிஷம்."

"காத்து எங்கேருந்து அடிக்குது?"

"மேக்கேருந்து. ராத்திரியிலேருந்து அதே காத்துதான்."

அவர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அடுக்களைப் பக்கம் குழாயைத் திறந்துவிடும் சத்தமும், அண்டாவை நகர்த்தும் சத்தமும் போனில் கேட்டன.

"புதுத்தண்ணிதான்டா" என்றார். "நான் விதைய ஊறப்போட்டுடறேன். உங்க அக்காகிட்ட சொல்லிடு."